கவுனரிசியில் சர்க்கரையை ஏன் கடைசியில் போடுகிறார்கள்?

கோடை லீவுக்குப் பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் காரைக்குடி வீட்டில் கூடினால், அத்தனை பேருக்கும் ஒரு இனிப்பு என்று வரும்போது என் ஓட்டு கவுனரிசிக்குத்தான்: வெந்தால் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு அரிசி, அதில் செய்யும் இனிப்புக்கும் அதே பெயர். மதியம் கிண்டி வைத்தாலும் சாயங்காலக் காப்பி நேரத்தில் விறைக்காமல் இருக்கும், கலர்ப்பொடி போடாமலே பந்தியில் எடுப்பாகத் தெரியும்.

பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது அங்கே போய்த் தொழில் செய்த, நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கொண்டுவந்த அரிசி என்பார்கள். அரைவேக்காட்டில் ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளைதான். கறுப்பெல்லாம் மேலே இருக்கும் தவிட்டுத் தோலில். நாவல்பழத்துக்கு நிறம் தரும் அதே ஆந்தோசயனின்தான் இது. தண்ணீரில் கரையும் என்பதால் முதலில் மளமளவென்று கழுவிவிட்டு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும். (அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.) தவிட்டுத் தோல் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது, அதனால்தான் ராத்திரி முழுக்க ஊறல்; சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

சரி, ஏன் இப்படி ஒட்டுகிறது? அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு: நீளச் சங்கிலியாக இருக்கும் அமைலோஸ், கிளைகிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின். சாதம் ஆறியதும் விறைப்பதற்கு முக்கியக் காரணம், அமைலோஸ் சங்கிலிகள் வேகமாக நெருங்கிச் சேர்ந்து இறுகிவிடுவது. கவுனரிசியில் அமைலோஸ் மிகச் சொற்பம், ஏறக்குறைய எல்லாமே அமைலோபெக்டின். அதனால் வெந்ததும் குழைந்து பசையாகிறது, ஆறினாலும் மெதுவாகத்தான் இறுகும்.

சர்க்கரைக்கு வருவோம். மாவுச்சத்து வேக வேண்டுமானால் தண்ணீரை உறிஞ்சி உப்ப வேண்டும். சர்க்கரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதோடு, மாவுச்சத்து உப்பத் தேவையான சூட்டையும் ஏற்றிவிடுகிறது. முதலிலேயே போட்டால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும். முழுக்க வெந்து மசிந்த பிறகு போட்டால், அதே சர்க்கரை இறுகுவதைத் தள்ளிப்போட உதவுகிறது.

ஏலக்காயும் நெய்யும் அப்போதே சேர்க்கலாம். தேங்காய்ப்பூ மட்டும் பரிமாறும்போது, இந்த வெக்கையில் முதலில் கெடுவது அதுதான்.

மிஞ்சியதை ராத்திரி வெளியே விடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாகத்தான் இருக்கும், குளிரில் அமைலோபெக்டினும் இறுகிவிடும். தூக்கிப் போட வேண்டாம்: அந்த இறுக்கம் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே விட்டுவிடும், இட்லிப் பானையில் கொஞ்ச நேரம் ஆவி காட்டினால் போதும்.