ஏறும்போது தெரியாத எடை

சென்ற டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, குன்னூரில் என் பட்டறை வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. வண்டி நிற்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பிரேக் பேட் தீய்ந்த வாடை அது. முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. பின்தொட்டியில் வெள்ளையாக ஒரு பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. ஓட்டி வந்தவர் திருப்பூர்க்காரர். கூடவே மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

“அண்ணா, மேலே ஏறும்போது ஒன்றுமே தெரியவில்லை. ஊட்டியிலிருந்து இறங்கி அருவங்காடு தாண்டியதும் பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது” என்றார்.

மேட்டுப்பாளையம் போய்ச் சேர இன்னும் 14 கொண்டை ஊசி வளைவுகள் பாக்கி. அன்று இரவு அவர்களைக் குன்னூரிலேயே தங்கச் சொன்னேன். அவரிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் பாப்-அப் கேம்பர் என்ற இந்தப் பெட்டியை வாங்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

இருபது வருடங்களுக்கு மேலாக நான் பார்த்ததெல்லாம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்களும் கேரட், முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றும் வண்டிகளும்தான். சில வருடங்களாகத்தான் பாப்-அப் கேம்பர் வருகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிக்கப்பின் பின்தொட்டியில் உட்காரும் ஒரு படுக்கைப் பெட்டி இது. ஓடும்போது கூரை கீழே படிந்திருக்கும். நிறுத்திய இடத்தில் கூரையை மேலே தூக்கினால் சுற்றிலும் கான்வாஸ் சுவர் விரியும், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மலைக்கு இது நல்ல யோசனைதான். உயரமான தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வளைவில் திரும்பினால் வண்டி சாயும், பக்கக்காற்று தள்ளும், எஸ்டேட் சாலையில் மரக்கிளை உரசும். படிந்த கூரையில் இந்தத் தொல்லைகள் குறைவு. பெட்டியில் எனக்குப் புகார் இல்லை. அதை எடை பார்க்காமல் வாங்குவதில்தான் புகார்.

விற்பவர்கள் எல்லாரும் ‘லைட்வெயிட்’ என்றுதான் சொல்வார்கள். எதோடு ஒப்பிட்டு என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய பிக்கப்களுக்காகச் செய்யும் பாப்-அப்களில் பல, உள்ளே சாமான் ஏற்றும் முன்பே 400, 500 கிலோ இருக்கும். அந்த வண்டிகளுக்கு அது லேசு. நம் ஊரில் குடும்பத்தோடு போக வாங்கும் ஐந்து இருக்கை பிக்கப்களில் பலவற்றின் மொத்தச் சுமைத் திறனே அந்த அளவைத் தொடாது. சரக்குக்கென்றே செய்த பிக்கப்கள் ஒரு டன்னுக்கு மேலும் சுமக்கும், ஆனால் அவற்றில் வெறும் வண்டியாகப் போனால் முதுகு சொல்லும் கதை வேறு.

உங்கள் வண்டியின் கணக்கை விளம்பரத்தில் தேடாதீர்கள். ஆர்.சி.யை எடுங்கள். அதில் வெறும் வண்டியின் எடையும் சுமையோடு சேர்ந்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. ஓட்டுநரும் அந்தக் கையிருப்புக்குள்தான் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திருப்பூர்க்காரரின் கையிருப்பு 450 கிலோ. அவரை எதிரில் உட்கார வைத்து, டீ ஆறும்வரை ஒவ்வொன்றாக எழுதினேன். பெட்டி 280. நான்கு பேர் 260. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரையே கொண்டு வந்திருந்தார். 14.2 கிலோ என்பது உள்ளே இருக்கும் எரிவாயு மட்டும். இரும்பையும் சேர்த்தால் 30. இன்வெர்ட்டர் பேட்டரி 30. சின்ன ஃபிரிட்ஜ் 20. மெத்தை, பாத்திரம், துணிமணி, அரிசி பருப்பு எல்லாம் சேர்த்துக் குறைத்துப் போட்டாலும் 50. கூட்டினால் 730. வண்டி தாங்கும் அளவைவிட 280 கிலோ அதிகம். “பெட்டி 280 கிலோதானே, 450-க்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன்” என்றார். அவர் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. பெட்டியோடு குடும்பமும் வரும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏறும்போது ஏன் தெரியவில்லை? டர்போ டீசல் என்ஜினுக்கு 280 கிலோ ஒரு பொருட்டே இல்லை. ஒரு கியர் குறைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். இறங்கும்போதுதான் வட்டியோடு வசூலாகும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இரண்டரை டன் வண்டி அந்த ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் எவ்வளவை என்ஜின் வாங்கிக்கொள்கிறதோ அது போக மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது அதனால்தான். இவர் நான்காவது கியரில், பெடலில் கால் வைத்தபடியே வந்திருக்கிறார்.

பெடல் பஞ்சானதற்கு இன்னொரு காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் வரும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், பிரேக் பிடிக்காது. அவர் வண்டியில் மூன்று வருடமாக ஆயில் மாற்றவில்லை. மறுநாள் காலையில் மாற்றினேன். டீத்தூள் நிறத்தில் வந்தது.

தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நானும் அவரும் இரண்டாவது கியரில் இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகள் இருப்பதால் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. கேம்பர் வாங்கும் யாரும் முதலில் செலவிட வேண்டியது இந்த எடைமேடைக் கட்டணத்தைத்தான். சாமான், தண்ணீர், ஆட்கள் என்று பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. கழித்தால் பின் அச்சின் சுமை.

இந்த இரண்டு சீட்டுக் கணக்கு ஏன் என்றால், எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஐந்து இருக்கை பிக்கப்பின் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் நீளம். ஆறடி ஆள் படுக்க அது போதாது. அதனால் சில பெட்டிகள் கேபினுக்கு மேலே நீளும், சில பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். இவருடையது இரண்டாவது வகை. தண்ணீர்த் தொட்டியும் கதவோரம், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் என்று வையுங்கள். 60 கிலோ தண்ணீர் அங்கே இருந்தால் பின் அச்சில் 80 கிலோ விழும், முன் அச்சிலிருந்து 20 கிலோ தூக்கிவிடும். தராசின் நெம்புகோல்தான், வேறு மாயமில்லை. பேட்டரியும் சிலிண்டரும் அதே மூலையில் இருந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். மழையில் நனைந்த வளைவில் ஸ்டீயரிங் லேசாக இருப்பது சுகமில்லை. கனமானவற்றைப் பின் அச்சுக்கு முன்னால், கேபின் சுவரை ஒட்டி, தரையோடு வைக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

“ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுவிடுங்கள் அண்ணா” என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். போடலாம். வண்டியின் பின்பக்கம் நிமிரும், பார்க்க அழகாக இருக்கும். பிரேக், டயர், அச்சு, ஆர்.சி.யில் உள்ள எண் எதுவும் அதனால் மாறாது. தொங்குவது ஒரு எச்சரிக்கை. பட்டை போட்டு அந்த எச்சரிக்கையை மட்டும் மறைத்துவிடுகிறீர்கள்.

எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் பிளைவுட். எட்டுக்கு நான்கு, 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றே 35 கிலோ வரை வரும். இவருடைய பெட்டியில் அலமாரி, கட்டில், மேடை எல்லாம் அந்தப் பலகையில் செய்திருந்தார்கள். வீட்டு மாடுலர் கிச்சன் செய்பவரிடம் கொடுத்தால் அப்படித்தான் செய்வார். சட்டத்துக்கு ஒரு அங்குல இரும்புச் சதுரக் குழாய் மீட்டருக்கு 1.4 கிலோ, அதே அளவு அலுமினியம் அரைக் கிலோ. ஒரு பெட்டிக்கு 40 மீட்டர் குழாய் என்றால் வித்தியாசத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டால் பாதிக்கு மேல் குறையும். காசு கூடும், உண்மைதான்.

கூரை தூக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் ஸ்ட்ரட், அதாவது கார் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கும் குழாய் போன்றது, வைத்த கூரையைக் கோவையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு விரலால் தூக்கிக் காட்டுவார்கள். ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது அடைத்த வாயு. 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் அதன் அழுத்தம் சுமார் எட்டு சதவீதம் குறையும். கூரையில் எட்டு கிலோ சோலார் பலகையும் நனைந்த கான்வாஸும் சேர்ந்தால் ஊட்டியில் விடிகாலையில் அது எழும்பாது. அல்லது எழும்பி, நடு இரவில் தானாக இறங்கும். வாங்கும்போது கூரை மேல் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்து, வீட்டில் உயரம் குறைந்தவரைத் தூக்கச் சொல்லுங்கள். பூட்டும் கம்பி இல்லாத ஸ்ட்ரட் கூரையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

துணிச்சுவரில் வெறும் பி.வி.சி. தார்ப்பாய் மழையைத் தடுக்கும், மூச்சையும் தடுக்கும். இரண்டு பேர் தூங்கினால் விடியும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் தொங்கும். உள்ளே அடுப்பு எரித்தால் இன்னும் மோசம்: ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். எதிரெதிர் பக்கங்களில் கையளவு ஜன்னல் திறந்தே இருக்கட்டும், குளிர்ந்தாலும் பரவாயில்லை. நனைந்த துணியை மடித்துப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், வீட்டில் மறுபடி திறந்து காயவையுங்கள், இல்லையென்றால் பூஞ்சைதான்.

குளிருக்கு உள்ளே கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ வைத்துத் தூங்குவது வேறு விஷயம். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அறையே அப்படியென்றால் இந்தப் பெட்டி அதில் கால்வாசி. கம்பளி இன்னொன்று எடுத்து வாருங்கள். கையடக்க பியூட்டேன் அடுப்பு கொண்டு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய உறைபனி விடியலில் அது சரியாக எரியாது. எரியவில்லை என்று உள்ளே கொண்டுபோய்ப் பற்ற வைக்காதீர்கள்.

சட்டம் பக்கம் சுருக்கமாக. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. தொட்டியின் சுவரை வெட்டி, சேசிஸில் பற்றவைத்துப் பெட்டி கட்டித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். கழற்றி இறக்கக்கூடிய பெட்டியானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஓடும்போது பெட்டிக்குள் யாரும் உட்காரக்கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, விடாதது நல்லது.

காட்டோரம் நிறுத்தித் தூங்குவது காப்புக்காட்டில் குற்றம் என்பதோடு, கான்வாஸ் சுவர் ஒரு சுவரே இல்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி வீட்டுக் கதவையே உடைத்து எண்ணெய் தேடுகிறது. உங்கள் பெட்டிக்குள் கடலை எண்ணெய் இருந்தால் அதற்கு ஒரு நகம் போதும். அனுமதியோடு, வேலி உள்ள, ஆள் இருக்கும் தோட்டத்தில் காசு கொடுத்து நிறுத்துங்கள்.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஐந்து இருக்கை பிக்கப்பில் கேம்பர் சரிப்பட்டு வராது என்பது என் முடிவு. இரண்டு பேருக்கு வரும். அதுவும் அலுமினியச் சட்டம், ஒரு மெத்தை, 20 லிட்டர் கேன், கழற்றி வெளியே வைக்கும் அடுப்பு என்ற அளவில்.

திருப்பூர்க்காரர் மே மாதம் மறுபடி வந்தார், மனைவியோடு மட்டும். பிள்ளைகள் பாட்டி வீட்டில். ஜனவரியிலேயே பெட்டியை என் பட்டறையில் விட்டு உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றச் சொல்லியிருந்தார். எடைமேடைச் சீட்டையும் கூடவே அனுப்பியிருந்தார். கழற்றிய பிளைவுட் அலமாரியை நானே வைத்துக்கொண்டேன், ஸ்பேனர் அடுக்க. தனியாளாக நகர்த்தப் பார்த்தேன், அசையவில்லை. பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது.