உயர்கல்வி ஊக்கத்தொகை: கட்டணம் கட்டும் முன் ஆசிரியர்கள் பார்க்க வேண்டியது

"சார், எம்.எஸ்சி. முடித்தால் ரெண்டு இன்கிரிமென்ட் உண்டுதானே?" நான் பணியில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கல்வி அலுவலகத்தில் பணிப்பதிவேடுகளோடே காலம் கழித்தவன் என்பதால் கேட்கிறார்கள். இப்போது அது இல்லை. 10.3.2020 அன்று வந்த அரசாணையோடு அந்த முறை முடிந்துபோனது. ஆனாலும் அதை நம்பிக் கடன் வாங்கிப் படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய முறைப்படி, பதவிக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக ஒரு பட்டம் பெற்றால் இரண்டு ஊதிய உயர்வுகள் சேர்த்துக் கிடைத்தன. இடைநிலை ஆசிரியருக்கு பி.ஏ. அல்லது பி.எஸ்சி.க்கு ஒரு முறை, பி.எட்.டுக்கு ஒரு முறை. பட்டதாரி ஆசிரியருக்கு முதுகலைக்கு ஒரு முறை, எம்.எட். போன்ற படிப்புக்கு இன்னொரு முறை. இப்படிக் கிடைக்கும் ஊக்க ஊதியம் பணிக்காலம் முழுவதற்கும் இரண்டு முறைதான் உச்சம்.

அதன் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். இரண்டு உயர்வு சேர்ந்தால் 38,600. மாதம் 2,200 என்றால் வருடத்துக்கு 26,400. அதன் மேல் அகவிலைப்படி தனி. அடுத்தடுத்த வருட உயர்வுகளும் இந்தக் கூடிய தொகையின் மீதே ஏறும். ஓய்வு பெறும் நாள் வரை வரும் பணம் அது.

இன்றைய நிலை வேறு. 2021 நவம்பரில் வந்த அரசாணைப்படி ஒரே ஒரு முறை தொகை தருகிறார்கள்: முனைவர் பட்டத்துக்கு 25,000, முதுகலைக்கு 20,000, பட்டம் அல்லது பட்டயத்துக்கு 10,000. முன்பு ஒரே வருடத்தில் வந்ததைவிட, முதுகலை படித்தவருக்கு இப்போது மொத்தமாகக் கிடைப்பது குறைவு. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இரண்டு பட்டம் வாங்கிய எத்தனையோ பேரை அந்தப் பழைய முறைதான் படிக்க வைத்தது. வகுப்பறைக்கும் அதனால் லாபம்தான்.

சரி, படிப்பது என்று முடிவு செய்துவிட்டால் முதல் வேலை முன் அனுமதி. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பித்து, ஆணை கைக்கு வந்த பிறகே சேர்க்கைக் கட்டணம் கட்டுங்கள். பணிப்பதிவேட்டைத் திறந்ததும் நான் முதலில் பார்த்துவந்தது அனுமதி ஆணையின் தேதி, சேர்க்கை தேதி இரண்டையும்தான். சேர்க்கை முந்தியிருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். சேர்ந்த பிறகு அனுமதி வாங்கும் பின்னேற்புக்காக அலைவது பெரும்பாடு. தேர்ச்சி பெற்றதும், பட்டம் உண்மையானதுதான் என்று உறுதி சொல்லும் உண்மைத்தன்மைச் சான்றைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுதுங்கள். பதிவேட்டில் பதிவு ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம், ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்க ஒரே வருடத்தில் முடித்த இரட்டைப் பட்டம் ஆகியவற்றை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

2020 மார்ச்சுக்கு முன்பே படித்து முடித்தும் பழைய ஊக்க ஊதியம் கிடைக்காதவர்கள் தேர்வின் கடைசி நாளைப் பாருங்கள். வழக்கமாக அதற்கு மறுநாள் முதல்தான் ஊக்க ஊதியம் கணக்கிடப்படும். ஓர் ஆசிரியைக்கு 2019 டிசம்பரில் தேர்வு முடிந்திருந்தது, பட்டச் சான்று மறு ஆண்டு ஆகஸ்டில் வந்தது. சான்றின் தேதியை மட்டும் பார்த்து விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல் இரண்டையும் இணைத்து மறுபடி அனுப்பச் சொன்னேன். இப்படித் திரும்பிய விண்ணப்பம் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையில் எழுப்பும் ஆட்சேபம். கொடுத்த ஊக்க ஊதியம் தவறு என்று ஓய்வு பெறும் நேரத்தில் லட்சக்கணக்கில் பிடிக்கச் சொல்லி ஆணை வருவது உண்டு. பயந்து உடனே கட்டிவிடாதீர்கள். ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும், ஐந்து ஆண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த தொகையையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 18.12.2014 அன்று ரஃபீக் மசீ வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு எதிராக 2016-இல் ஒரு தீர்ப்பு உண்டு. ஊதிய நிர்ணயத்தின்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் பணிப்பதிவேட்டில் இருக்கும். ஆணை வந்தால் முதலில் அதன் நகலையும் தணிக்கைக் குறிப்பின் நகலையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு வழக்கறிஞரிடம் போங்கள்.