கல்லீரல் சீழ்க்கட்டிக்குக் குழாய் போட்ட பிறகு கவனிக்க வேண்டியவை

காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே வலி. ஸ்கேனில் கல்லீரலில் சீழ்க்கட்டி என்று வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "வயித்தைக் கிழிக்கணுமா டாக்டர்?" பெரும்பாலும் வேண்டியதில்லை. அரை சென்டிமீட்டர் கீறல் வழியே, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு வடித்துவிடலாம்.

எல்லாக் கட்டிக்கும் குழாய் தேவைப்படாது. அமீபாவால் வருவது பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்திலேயே அடங்கிவிடும். சில நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் விடாவிட்டாலோ, கட்டி உடையும் நிலையில் இருந்தாலோ வடிக்கிறோம். கல்லீரலின் இடது மடலில் உள்ள கட்டி இதய உறைக்குள் உடையக்கூடும் என்பதால் அதில் காத்திருக்கத் தயங்குவோம். பாக்டீரியாவால் வரும் கட்டி, சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். அது 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாகக் குழாய்தான்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறத்தாழ 1.5-க்குள்ளும் தட்டணுக்கள் 50,000-க்கு மேலும் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் சொல்லாமல் மாத்திரையை விட்டால், கட்டியைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

செய்முறையின் அடிப்படை 1953-இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்டது. தோலையும் கல்லீரலின் மேலுறையையும் மரக்கச் செய்துவிட்டு, 18 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறோம். விலா எலும்புகளுக்கு நடுவே போனால், எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசி நுழையும். கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கொஞ்சம் நல்ல கல்லீரலைத் தாண்டியே கட்டியை எட்டுவோம். அப்போதுதான் சீழ் வயிற்றுக்குள் கசியாது. ஊசி வழியே 0.035 அங்குல வழிகாட்டிக் கம்பி, அதன் மேல் துளையை அகலமாக்கும் டைலேட்டர், கடைசியாக 10 முதல் 14 பிரெஞ்சு அளவுள்ள, உள்முனை சுருண்டிருக்கும் பிக்டெயில் குழாய். 12 பிரெஞ்சு என்றால் 4 மி.மீ. தடிமன். நோயாளி விழித்தேதான் இருப்பார். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்க வேண்டும். வலது தோளில் வலிக்கிறது என்பார்கள் சிலர். உதரவிதானம் உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியும்.

இவ்வளவும் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. பாழாவது அதற்குப் பிறகுதான்.

"டியூப்ல ஒண்ணுமே வரல" என்று பதறி வருபவர்களில் பலருக்கு, குழாயை மூடித் திறக்கும் மூன்று வாய்த் திருகு தப்பான பக்கம் திரும்பியிருக்கும், அல்லது படுக்கும்போது குழாய் மடிந்திருக்கும். முதலில் அந்த இரண்டையும் பாருங்கள். சீழ் வடியும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். கெட்டிச் சீழ் அடைக்காமலிருக்க, டாக்டர் சொன்ன அளவு சலைனை, வழக்கமாக 5 முதல் 10 மி.லி., மெதுவாகச் செலுத்த வேண்டும். இறுக்கமாக இருந்தால் அழுத்தித் தள்ளக் கூடாது. கட்டிக்குள் அழுத்தம் ஏறினால் கிருமி ரத்தத்தில் கலந்து, சற்று நேரத்தில் குளிர் நடுக்கம் வரும். பையின் அளவை எழுதும்போது உள்ளே விட்ட சலைனைக் கழித்துவிடுங்கள். இதைச் செய்யாததால் 'தினமும் 20 மி.லி. வருகிறது' என்று வீணாகக் குழாயைச் சுமப்பவர்கள் உண்டு.

தோலை ஒட்டிக் குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்தால் குழாய் நழுவுகிறது. உள்ளே தள்ளாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். திடீரெனச் சிவந்த ரத்தம், மூச்சுத்திணறல், விட்ட காய்ச்சல் மறுபடி வருவது, இவற்றுக்கு அன்றே வர வேண்டும். பச்சையாகப் பித்தம் வந்தால் கட்டி பித்தநாளத்தோடு சேர்ந்திருக்கிறது என்று பொருள். குழாய் கூடுதல் நாள் இருக்கும். சிலருக்குப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் தேவைப்படும்.

காய்ச்சல் விட்டு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 10 மி.லி.க்குக் குறைவாக வந்து, ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தால் எடுத்துவிடலாம். அதை வீட்டில் இழுக்காதீர்கள். உள்முனையைச் சுருட்டிப் பிடித்திருக்கும் நூலைத் தளர்த்திய பிறகே குழாய் நேராகி வெளிவரும். அமீபா என்றால் குடலில் மிச்சமிருக்கும் கிருமிக்கு டைலாக்சனைடு போன்ற தனி மாத்திரை உண்டு. வலி போய்விட்டதே என்று இதைத்தான் பலர் வாங்காமல் விடுகிறார்கள். சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனிலும் சின்னக் குழி தெரியலாம். காய்ச்சலும் வலியும் இல்லையென்றால் அதற்காக மறுபடி குழாய் போடுவதில்லை.