நாவலின் நாயகிக்கு அடிக்குறிப்பு போடாதீர்கள்

இந்தப் பருவத்திலும் ஓர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த 1801ஆம் ஆண்டுப் போரில் காயம்பட்டுக் கிடந்த, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைத் தன்னந்தனியாகக் குதிரையில் ஏற்றிக் காப்பாற்றிய வீராங்கனை என்று ஒரு பெயர் அதில் இருந்தது. அடிக்குறிப்பைப் பார்த்தால், நெல்லைச் சீமை முழுவதும் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு வரலாற்றுச் சாகச நாவலின் இரண்டாம் பாகமும் அதன் பக்க எண்ணும் இருந்தன. அவள் நாவலாசிரியர் படைத்த பெண். பாளையங்கோட்டையில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போதாக்குறைக்கு, அந்த நாயகியின் பெயரில் ஊர் முகப்பில் வளைவு கட்டப்போகிறோம், பிறந்த ஊரை உறுதிசெய்து தாருங்கள் என்று பெரியவர்கள் சிலரும் வந்துவிட்டார்கள்.

நாவலின் மேல் எனக்குப் பகை இல்லை. முதல் பாகத்தை என் மாணவியருக்கு நானே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பாளையங்கோட்டையில், கிறிஸ்தவத்தைத் தழுவிய பிராமணப் பெண்ணான குளோரிந்தா எழுப்பி 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தேவாலயத்துக்கு, இன்றும் ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொல்லும் அந்தச் சிறு கட்டடத்துக்கு, சுண்ணாம்பு சுமக்கும் சிறுமியாக நாயகி அதில் அறிமுகமாகிறாள். மெய்யாக வாழ்ந்த குளோரிந்தாவின் வாயில் வீர வசனம் எதையும் திணிக்காமல், அவரைச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்தி, கற்பனைச் சிறுமியின் கண்வழியாக மட்டுமே காட்டிய அடக்கம் என்னை மிகவும் கவர்ந்தது.

இரண்டாம் பாகத்திலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பிய பிறகு, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்து நின்றதைக் கண்டு ஆங்கிலேயப் படை திகைத்தது. அந்த மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்தவர்கள் யார் என்று எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. நாவலாசிரியர் அங்கே பெண்களை இறக்கி, முழங்கால்வரை சேறு அப்பிய கால்களோடு விடிய விடிய மிதிக்கவைக்கிறார். ஆவணம் வாய்மூடி நிற்கும் இடத்தில் கற்பனை இப்படித்தான் நுழைய வேண்டும்.

என் மனக்குறை அடுத்த அத்தியாயங்களைப் பற்றியது. அந்த ஆண்டு மே மாதம் கோட்டை விழுந்தபின் நடந்ததை, அந்தப் போரில் பங்குகொண்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். களத்தில் மகனைத் தேடிச் சென்ற ஒரு தாய் அவன் உயிரோடு கிடப்பதைக் காண்கிறாள். அவனோ தன்னை விட்டுவிட்டு, அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி கேட்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் செல்கிறார்கள். தேடிவந்தவர்கள் வீட்டை நெருங்கியதும், அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மையில் இறந்துவிட்டதாகச் சொல்லி ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடுகிறார்கள். (வெல்ஷ் அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தவர் அல்லர், பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.) பெண்ணியச் சாகச நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தத் தாயையும் அந்த ஒப்பாரியையும் நீக்கிவிட்டு, அங்கே ஒரு வாளையும் குதிரையையும் வைத்திருக்கிறார்கள். ஆணைப் போல வாள் வீசினால்தான் பெண் வீரமுடையவள் என்று இந்தப் பாகம் முடிவுகட்டிவிட்டதோ என்று வருந்துகிறேன்.

ஆய்வேட்டை எழுதிய மாணவி, "ஆண்கள் எழுதிய ஆவணத்தில் பெண்ணை மறைத்திருப்பார்களே, மேடம்" என்றாள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் இந்த இடத்தில் ஓர் ஆங்கிலேயப் படைவீரரே பெண்களை எழுதிவைத்திருக்க, மறைத்தது நாவல்.

இடமும் ஆண்டும் சரியாக இருந்தால் ஆளும் உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை எப்படிப் போக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது மெய். அந்தக் கூட்டத்தில் கண்ணீரோடு நாயகி நின்றாள் என்பதற்கு அந்தத் தேதி சாட்சி ஆகாது. கற்பனை நம்பும்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே நாவலாசிரியர் மெய்யான தேதிகளைத் தேடி எடுத்துக் கோக்கிறார். அது அவருடைய தொழில் திறமை. கயத்தாறு இருக்கிறது, கோட்டை இருந்தது, ஊமைத்துரை இருந்தார். ஆகவே அவளும் இருந்தாள் என்று கணக்குப் போடுவது வாசகர் செய்யும் பிழை.

ஆகவே மாணவர்களே, ஒரு பெயரை எழுதுமுன் அதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எப்படி அறிந்து சொன்னார் என்று பாருங்கள். மூன்றுக்கும் விடை இல்லையென்றால் பெயரை அடித்துவிடுங்கள். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றைப் புரட்டுங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஒருமுறையாவது போய் வாருங்கள். நாவலைப் பற்றி ஆய்வு செய்வதானால் தாராளமாக நாவலை மேற்கோள் காட்டுங்கள். போரைப் பற்றிய ஆய்வில் அதற்கு இடமில்லை. வளைவு கட்ட நினைக்கும் பெரியவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுமுன் இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாவலாசிரியரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மூன்றாம் பாகம் வருவதாகச் சொல்கிறார்கள். நானும் வாங்கிப் படிப்பேன். அதன் இறுதியில் எது ஆவணம், எது தாங்கள் புனைந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். இரண்டாம் பாகத்தின் மறுபதிப்பிலும் அந்தப் பக்கங்களைச் சேர்த்து, மகனைத் தேடிப்போன அந்தத் தாயை அதில் குறிப்பிடுங்கள்.