வேகமா ஓடுறான், சரி... வலப்பக்கம் திரும்புறானா?

போன சனிக்கிழமை டொராண்டோவின் ஸ்கார்பரோவில் காலை 7 மணி ஐஸ் ஹாக்கிப் பயிற்சி. முடிந்து வெளியே வந்து ஸ்கேட்டைக்கூடக் கழற்றவில்லை, ஒரு அப்பா பிடித்துக்கொண்டார். "அண்ணை, இவன் இந்த சீசன் 38 கோல் அடிச்சிட்டான். இனிப் பெரிய டீமுக்கு மாத்துவமோ?" பையனுக்கு 11 வயது. ஜனவரியில் பிறந்தவன், கூட ஆடுகிறவர்களைவிட ஒரு தலை உயரம்.

ஐஸ் ஹாக்கிப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுப்பதும், சீசனில் அணிகளுக்காகப் பையன்களைப் பார்த்துக் குறிப்பு எழுதிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. இந்தக் கேள்வி வாராவாரம் வரும். ஆளுக்கு ஆள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்த 38 கோலில் பாதியையாவது நேரில் பார்த்திருக்கிறேன், எல்லாம் ஒரே மாதிரிக் கோல்தான். தன் பக்கத்தில் பக் (ரப்பர் வட்டு) கிடைத்ததும் போர்டை, அதாவது ஓரத்துச் சுவரை, ஒட்டி ஒரே ஓட்டம், யாராலும் எட்டிப் பிடிக்க முடியாது, அப்புறம் 6 அடிக்கு 4 அடி வலைக்கு முன்னால் தத்தளிக்கிற ஒரு சின்னக் கோலியைத் தாண்டிக் கீழே ஒரு ஷாட். 15 வயதில் எதிரே நிற்கிற டிஃபென்ஸ்காரன் பின்பக்கமாகவே இதே வேகத்தில் வருவான், போர்டோடு சேர்த்து நசுக்கிவிடுவான். அப்போது இவன் கையில் வேறு என்ன இருக்கிறது?

கனடாவில் வயதுப் பிரிவு பிறந்த வருடத்தை வைத்துத்தான். ஜனவரிக்காரனும் டிசம்பர்க்காரனும் ஒரே பிரிவு. மேல்மட்ட ஹாக்கியில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டம் அதிகமாக இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே கவனித்து எழுதிவிட்டார். 11 வயதில் 11 மாத வித்தியாசம் என்றால் சும்மாவா?

சரி, ஸ்கேட்டிங்கில் நான் என்ன பார்ப்பேன்? நேர் ஓட்டத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பக்கவாட்டில் நின்று முழங்காலைப் பார்ப்பேன். மடிந்து, ஷூ நுனியைத் தாண்டி முன்னால் வருகிறதா, இல்லை இடுப்பை மட்டும் வளைத்துக்கொண்டு கால் விறைப்பாக ஓடுகிறானா? தள்ளிய கால் திரும்ப உடம்புக்கு அடியில் வந்து சேர்கிறதா, அகலமாகவே கிடக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விளிம்பை அழுத்தித் தள்ளுகிறவனின் பிளேட் ஐஸை நீளமாகச் 'சர்ர்க்' என்று சீவும், காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறவனுக்கு 'டக் டக்' என்று தட்டுகிற சத்தம்தான். அப்புறம் வட்டத்தைச் சுற்றச் சொல்வேன், இரண்டு பக்கமும். அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் சுகமாக வரும், மறுபக்கம் காலை மாற்றிப் போடும்போது தடுமாறும், அந்தப் பக்கத்தை மறைத்தே பல வருஷம் ஓட்டிவிடுவார்கள்.

கோல் அடிக்கும் திறமையைக் கணிப்பதுதான் இன்னும் சிக்கல். கோலையும், கோலுக்கு பக்கைக் கொடுத்து உதவிய அசிஸ்டையும் கூட்டிப் போடுகிற பாயின்ட் கணக்கு ஏமாற்றும். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் வாங்கலாம், எதிரணியில் ஆள் குறைந்திருக்கிற பவர் பிளேயில் வந்தது, கோலி இல்லாத காலி வலையில் போட்டது எல்லாம் அதில் சேர்ந்துதான் வரும். நான் நோட்டில் ஒரு வலை வரைந்து ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து போனது என்று புள்ளி வைப்பேன். வலைக்கு நேர் முன்னால் புள்ளி குவிந்தால் நல்லது, ஓரங்களில் சிதறினால் கோல் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்எச்எல்லிலேயே சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒன்றுதான் கோல் ஆகிறது. மூன்றுக்கு ஒன்று போடுகிற பையன் வருகிற வருஷமும் அப்படியே போடுவான் என்று நம்பாதீர்கள். பக் வருவதற்கு முன்னாலேயே தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறானா, அடிப்பதற்கு முன் பக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக் கோணத்தை மாற்றுகிறானா? என்எச்எல் ஆட்டக்காரர் ஆஸ்டன் மேத்யூஸ் 2023-24இல் 69 கோல் போட்டதில் அந்தச் சின்ன இழுப்புக்குப் பெரிய பங்கு.

நான் சறுக்கிய கதையும் உண்டு. ஒரு 14 வயதுப் பையனுக்கு "கால் மெதுவு, வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷம் அவன் திடுதிப்பென்று வளர்ந்திருந்தான். கால் நீண்டிருந்தது, பழைய சமநிலை போயிருந்தது. இரண்டு வருஷம் கழித்து எதிரணியில் நின்று எங்களுக்கே மூன்று கோல் போட்டான், மூன்றும் வலை வாசலில். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால் என் புள்ளிகள் அன்றைக்கும் அதே இடத்தில்தான் குவிந்திருந்தன. வைத்தவன் நானே, படிக்கவில்லை.

அணிகளுக்கு ஆள் பார்க்கிற பெரிய ஸ்கவுட்டுகளும் இப்படித்தான். பிரேடன் பாயின்ட் சின்ன ஆள், ஸ்கேட்டிங்கும் போதாது என்று என்எச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2014இல், 79ஆம் இடம் வரை இறங்கினார். டாம்பா பே அணி எடுத்தது. பழைய ஃபிகர் ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன் பார்ப் அண்டர்ஹில்லிடம் காலைச் சரிசெய்துகொண்டார், 2022-23இல் 51 கோல். லூக் ரோபிடாய் வேறு மாதிரி. 1984 டிராஃப்டில் 171ஆவது ஆள், கடைசிவரை வேகக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை, ஆனால் 668 கோல். ஸ்கேட்டிங்கை ஓரளவு திருத்தலாம். எங்கே போய் நிற்பது என்கிற மூளையை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்து நான் ஜெயித்ததில்லை.

இன்னொன்று, 11 வயதில் "உங்க பையன் கண்டிப்பா என்எச்எல்" என்று சொல்லி யாராவது வருஷ பேக்கேஜ் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்டாரியோவின் இளையோர் லீக்கான ஓஎச்எல்லின் தேர்வே அந்த வருஷம் 16 ஆகிறவர்களுக்குத்தான். என்எச்எல் டிராஃப்டில் உலகம் முழுக்கச் சேர்த்து எடுப்பது வருஷத்துக்குச் சுமார் 224 பேர்.

அந்தச் சனிக்கிழமை, அப்பாவின் முன்னாலேயே பையனைத் திரும்ப ஐஸில் இறக்கி வலப்பக்கமாக ஒரு வட்டம் போகச் சொன்னேன். பாதி வட்டத்தில் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஸ்கேட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன், குதிகாலுக்குப் பின்னால் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. அப்பாவைப் பார்த்தேன்.

"அடுத்த வருசமும் வருமெண்டு கொஞ்சம் பெரிசா எடுத்தனான் அண்ணை" என்றார்.