ஒஸ்ட்ரகிஸ்மோஸ்: ஓட்டாஞ்சில்லில் எழுதிய பெயர்

ஒரு கூட்டம் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவதை ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசிசம்’ என்பார்கள். தமிழில் ஒதுக்கிவைத்தல், ஊர்விலக்கம், தள்ளிவைத்தல் என்று எழுதுகிறோம். இன்றைய பொருளுக்கு இவையே போதும். ஆனால் இந்தச் சொல் பிறந்தது பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில், ஒரு தலைவரை வாக்கெடுப்பால் ஊரைவிட்டு அனுப்பிய ‘ஒஸ்ட்ரகிஸ்மோஸ்’ என்ற வழக்கத்திலிருந்து. அந்த வரலாற்றை எழுதும்போது இவற்றைப் போட்டால் சிக்கல்.

மூலம் கிரேக்கத்து ‘ஒஸ்ட்ரகோன்’. உடைந்த பானை ஓடு, அதாவது ஓட்டாஞ்சில்லு. சிப்பி ஓட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால், ஏதென்ஸ்காரர்கள் சிப்பியில் எழுதி வாக்களித்தார்கள் என்று பழைய ஐரோப்பிய நூல்கள் சிலவற்றில் வரும். அது தவறு. எழுதியது பானைச் சில்லில்தான். பாப்பிரஸ் என்ற நாணல் தாள் எகிப்திலிருந்து வர வேண்டும், காசு செலவு. சில்லு எந்தக் குப்பைமேட்டிலும் கிடைக்கும்.

நடைமுறை இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், ‘இந்த ஆண்டு விலக்கு வாக்கெடுப்பு வேண்டுமா?’ என்று மக்கள் சபையைக் கேட்பார்கள். வேண்டும் என்றால், சில வாரங்கள் கழித்து அகோரா என்ற சந்தைவெளியில் வேலி கட்டுவார்கள். பத்துக் குலப்பிரிவுக்கும் பத்து வாசல். குடிமக்கள் சில்லில் ஒரு பெயரைக் கீறிக்கொண்டு வந்து போடுவார்கள். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க் சொல்வதன்படி மொத்தம் 6,000 சில்லாவது விழ வேண்டும். அப்புறம் யார் பெயர் அதிகமோ அவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும், பத்து ஆண்டு திரும்பக்கூடாது. குற்றச்சாட்டு கிடையாது, வாதம் கிடையாது. ஆனால் அவருடைய நிலம், வீடு, குடியுரிமை எதிலும் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

இதனால்தான் ‘நாடுகடத்தல்’ பொருந்தாது. அது தண்டனை. இதுவோ ஒரு தலைவர் மிதமிஞ்சி வளர்ந்து கொடுங்கோலனாகிவிடுவாரோ என்ற முன்னெச்சரிக்கை. சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஏதென்ஸ் தலைவர் கிளைஸ்தனீஸ் என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல். முதலில் வெளியேறியவர், கிமு 487-இல், ஹிப்பார்க்கஸ். துரத்தப்பட்ட பழைய கொடுங்கோலர் குடும்பத்தின் உறவினர். ‘ஊர்விலக்கம்’ என்றாலும் சரிவராது: அதில் ஆள் ஊருக்குள்ளேயே இருப்பார், பேச்சும் கொடுக்கல் வாங்கலும் மட்டும் அறுபடும்.

சில்லுகள் மண்ணுக்கடியில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. குயவர் குடியிருப்பான கெராமெய்கோஸில் மட்டும் சுமார் 8,500. படித்தால் சிரிப்பு வரும். ஒருவர் வெறும் பெயரோடு விடாமல் ‘கிமோனே, எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போ’ என்று கீறியிருக்கிறார். கிமோன் ஏதென்ஸின் படைத்தலைவர், எல்பினிகே அவருடைய சகோதரி, இருவரையும் சேர்த்து ஊரில் வம்பு பேசினார்கள். இன்னொருவர் ‘பசி’யையே விலக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்! ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவரின் பெயர், ஆனால் கையெழுத்து 14 பேருடையது. முன்கூட்டியே எழுதி வாக்காளர்களிடம் விநியோகிக்க வைத்திருந்தது போலத் தெரிகிறது. தேர்தல் வேலை தெரிந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கிமு 482-இல் அரிஸ்டைடீஸ் என்ற தலைவர் விலக்கப்பட்டபோது நடந்ததாகப் புளூடார்க் ஒரு கதை சொல்கிறார். எழுதத் தெரியாத ஒருவர் சில்லை அவரிடமே நீட்டி, ஆள் யாரென்று தெரியாமல், ‘அரிஸ்டைடீஸ் என்று எழுதிக் கொடு’ என்றாராம். ‘அவர் உனக்கு என்ன செய்தார்?’ ‘ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் நீதிமான், நீதிமான் என்கிறார்கள், கேட்டுச் சலித்துவிட்டது.’ பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தாராம். இரண்டே ஆண்டில் பாரசீகப் படை வந்ததும் ஏதென்ஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

கிமு 416 வாக்கில் எதிரெதிர்த் தலைவர்களான நிக்கியாஸ், அல்கிபியாடீஸ் இருவரின் ஆதரவாளர்களும் கைகோத்து, ஹைபெர்போலஸ் என்ற மூன்றாமவரை வெளியே தள்ளினார்கள். அதோடு வழக்கம் நின்றுபோனது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஓட்டு விலக்கு’ என்றால் வாக்களிப்பதிலிருந்து சலுகை போல ஒலிக்கும். ‘சில்லு விலக்கம்’ என்பது என் தேர்வு. சிறியது, எழுதிய பொருளும் நடந்த செயலும் இரண்டும் அதில் இருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு. சிசிலித் தீவின் சிரகூஸ் நகரம் இதே வழக்கத்தைச் சில்லுக்குப் பதில் ஒலிவ இலையில் எழுதி நடத்தியது. விலக்கும் காலம் ஐந்து ஆண்டு. கிரேக்கத்தில் அதற்கு இலையை வைத்தே ‘பெட்டலிஸ்மோஸ்’ என்று பெயர். தமிழில் ‘இலை விலக்கம்’ என்று சொல்லிவிடலாம்.