கயிறு இறுகினால் நாய் ஏன் பாய்கிறது?

எதிர்வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்கிறது. தெற்கே முயல் வேட்டைக்குப் பழக்கிய இனம். கண்ணில் பட்டது ஓடினால் தானும் ஓடும். அதை மூன்றாவது மாடியில் வைத்து, நாளுக்கு இரண்டு தடவை ஆறடிக் கயிற்றில் கீழே கூட்டிப்போகிறார்கள். தெருமுனை நாயைப் பார்த்ததும் எகிறிப் பாயும். ஒருநாள் பாய முடியாத ஆத்திரத்தில், கயிற்றைப் பிடித்திருந்தவரின் முழங்காலைக் கவ்விவிட்டது.

"நல்லா ஓட விடுங்க சார், அடங்கிடும்" என்றார்கள் எல்லோரும். பாதிதான் சரி. ஓட்டம் அதற்கு வேண்டும். ஆனால் தினமும் பந்து வீசித் துரத்தவிட்டால் நாய்க்குத் தெம்பு கூடும், களைக்க இன்னும் நேரமாகும், அவ்வளவுதான். துரத்தலே ஒரு கிளர்ச்சி. அப்போது உடம்பில் ஏறும் பதற்ற ஹார்மோன்களில் அட்ரினலின் சீக்கிரம் இறங்கிவிடும். கார்டிசால் இறங்க அதைவிட நேரம் பிடிக்கும். பந்து, அப்புறம் வாசலில் பூனை, அப்புறம் லிஃப்டில் புது ஆள் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பிறகு, சாதுவான நாய் ஒன்று எதிரே வந்தாலும் போதும். "காரணமே இல்லாமல் கடித்தது" என்கிற கதைகளில் பலவற்றுக்கு இப்படி மூன்று காரணங்கள் இருக்கும்.

கயிறும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய்கள் நேருக்கு நேர் போவதில்லை. வளைந்து போய், பக்கவாட்டில் நின்று மோந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் விலகும். கயிற்றில் இரண்டுமே முடியாது. மிச்சமிருப்பது மிரட்டல். குரைத்ததும் எதிராளி போய்விட்டால், குரைத்ததால்தான் போனது என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

உறுமினால் அடிப்பது பெரிய தவறு. உறுமல் எச்சரிக்கை மணி. அடித்தால் மணிதான் நிற்கும், பயம் அப்படியே இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர் அது பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

வேலைக்கு ஆவது தூரம். எதிரே வரும் நாயைப் பார்த்த பிறகும் நம் கையிலிருந்து தின்ன வாங்கும் தூரம் எதுவோ, அங்கேதான் பயிற்சி. முதலில் அந்த நாய் கண்ணில் படவேண்டும், உடனே ஒரு துண்டு கோழிக்கறி. வரிசை மாறக்கூடாது, கறி முதலில் வந்தால், கறியே ஆபத்துக்கு அறிகுறியாகிவிடலாம். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கி, மணி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறவைத்த விஞ்ஞானி பாவ்லோவின் கதைதான், மணிக்குப் பதில் இங்கே எதிரி. கறியை வாங்க மறுத்தால் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம், திரும்பி நடக்கவேண்டும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். பந்துக்குப் பதிலாகப் புல்லில் தீனியைத் தூவி மோந்து தேடவிட்டால், மூளைக்கு வேலையும் கிடைக்கும், படபடப்பும் ஏறாது.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் கால்நடை மருத்துவர். காது, பல், இடுப்பு, எங்கே வலித்தாலும் நாய் கடிக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்க இடம் விடுகிற கூடை மாதிரியான வாய்மூடி வெளியே போகும்போது உதவும். யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் நாலு மாதமாகக் கறித்துண்டோடு நடக்கிறார். தெருமுனை நாய் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறது. சிப்பிப்பாறை அதை ஒரு தடவை பார்க்கிறது, உடனே திரும்பி அவர் சட்டைப் பையைப் பார்க்கிறது.